கொலுப்படியில் விஞ்ஞானம்

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றின் வாசலில் இப்போது ஒரு புதுப் பலகை தொங்குகிறது. 'இன்ன தேசத்து இன்ன பள்ளியோடு சர்வதேசக் கூட்டு' என்று அதில் எழுதியிருக்கும். எழுத்துக்கு இருபுறமும் இரண்டு கொடிகள். பெற்றோர் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்த்த கண்ணோடு உள்ளே போய்ச் சம்பளம் கட்டிவிட்டு வருகிறார்கள். அந்தக் கூட்டில் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்று யாரும் கேட்கக் காணோம். நான் கேட்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவனுக்கு, இதில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும் உரிமை பட்டதாரிகளுக்கு மட்டுமே உண்டு என்று எந்தச் சட்டமும் இதுவரை சொல்லவில்லை.

இந்தக் கூட்டுகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? பொங்கலுக்கு நாம் அவர்களுக்கு வாழ்த்து அனுப்புகிறோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் நமக்கு அனுப்புகிறார்கள். நம் பிள்ளைகள் இட்லியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து கேக் படம் வருகிறது. ஒரு நாள் திரையில் இரு பக்கத்தாரும் தோன்றிக் கையசைக்கிறார்கள். இதிலெல்லாம் பாவம் ஒன்றுமில்லை. பேனா நண்பர்கள் என்று ஒரு காலத்தில் தபால் தலை ஒட்டிச் செய்ததை இப்போது தபால் தலை இல்லாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான். இதை நட்பு என்று சொன்னால் எனக்கு வழக்கில்லை. விஞ்ஞானக் கல்வி என்று சொல்லும்போதுதான் வழக்கு.

ஒரு பள்ளியில் தமிழ் மன்றத்துக்குப் பேசப் போயிருந்தேன். அங்கே விஞ்ஞான ஆசிரியை ஒருவர் தங்கள் கூட்டுத் திட்டத்தின் ஆல்பத்தைக் காட்டினார். தலைப்பு, 'தண்ணீர்'. நம் பிள்ளைகள் கடல், மேகம், மழை, ஆறு என்று வட்டமாக வரைந்திருந்தார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளும் அதே வட்டத்தை வரைந்திருந்தார்கள். "அவர்கள் படம் வராமல் போயிருந்தால் உங்கள் படத்தில் எது குறைந்திருக்கும், அம்மா?" என்று கேட்டேன். அவர் கெட்டிக்காரர், சிரித்துவிட்டார். "ஒன்றும் குறைந்திருக்காது சார். சர்டிபிகேட்தான் வந்திருக்காது" என்றார்.

நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மையும் போலீஸ்காரர் பொம்மையும் ஒரே படியில் ஒன்பது நாள் தோளோடு தோள் நிற்கும். ஒன்றுக்கு ஒன்று ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. பார்ப்பவர்களுக்கு அழகு, பொம்மைகளுக்கு எந்த லாபமும் இல்லை. நான் சொல்லும் கூட்டுகள் இந்த ரகம்.

இதோடு இன்னொரு நாகரிகமும் சேர்ந்திருக்கிறது. பாடங்களைத் தனித்தனியாகப் பிரிக்கக் கூடாதாம், எல்லாவற்றையும் இணைத்துக் கற்பிக்க வேண்டுமாம். நல்ல கொள்கை. பள்ளிக்கூடத்து மணி அடித்தவுடன் பௌதிகம் முடிந்து ரசாயனம் தொடங்குவதுபோல் உலகத்தில் எங்கும் நடப்பதில்லை. ஆனால் இணைப்பது எப்படி நடக்கிறது? தண்ணீரைப் பற்றி பௌதிக வாத்தியார் ஒரு பக்கம், ரசாயன வாத்தியார் ஒரு பக்கம், பூகோள வாத்தியார் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துத் தைத்தால் இணைப்புக் கல்வி. கூட்டாஞ்சோறு ஆக்குகிறோம் என்று சொல்லிவிட்டு, அரிசியையும் பருப்பையும் காயையும் மூன்று பொட்டலமாக ஒரு பையில் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடுப்பு மூட்டவே இல்லையே!

இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான் என்பது என் கட்சி. முதலில் ஒரு கேள்வி வேண்டும். அது ஒரு பள்ளியால் தனியாக விடை காண முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு பாடத்தால் தனியாக விடை காண முடியாததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்வி கிடைத்துவிட்டால் கூட்டுக்குச் சர்டிபிகேட் தேவைப்படாது. கேள்வி இல்லாமல் செய்த கூட்டை எத்தனை கொடி கட்டினாலும் நிறுத்த முடியாது.

அப்படிக் கேள்வி உண்டா என்று கேட்பவர்களுக்கு, இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கேள்வியைக் காட்டுகிறேன். பூமியின் சுற்றளவு என்ன? எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா நூலகத்தின் தலைவராயிருந்த எரட்டாஸ்தனிஸ் இதைக் கேட்டார். தெற்கே சையீனி என்ற ஊரில், கோடையின் நீண்ட பகல் நாளன்று உச்சிவேளையில் சூரியன் நேர்மேலே வந்து கிணற்றின் அடிவரை வெளிச்சம் விழுகிறது. அதே நாள், அதே வேளை, வடக்கே அலெக்ஸாண்டிரியாவில் நட்ட கோலுக்கு நிழல் இருக்கிறது. அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. தூரம் 5,000 ஸ்டேடியம். சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். அந்தக் கால ஸ்டேடியம் எத்தனை அடி என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. வழி சரியானது என்பதில் சண்டை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு ஊர்க் கோலை வைத்துக்கொண்டு எவ்வளவு மேதையாயிருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது. அலெக்ஸாண்டிரியாவுக்குச் சையீனி வேண்டும். அதோடு, கேள்விக்குள்ளே வானசாஸ்திரம், க்ஷேத்திரகணிதம், பூகோளம் மூன்றும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. எந்த வாத்தியாரும் தைக்கவில்லை. எரட்டாஸ்தனிஸ் கணிதக்காரர், பூகோளக்காரர், கவியும்கூட. எதிலும் முதலாமவர் இல்லை என்று அந்தக் காலத்து நிபுணர்கள் அவருக்கு 'பீட்டா', அதாவது இரண்டாம் எழுத்து, என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். பெயர் வைத்த முதலாம் எழுத்துக்காரர்கள் யார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்சில் 1996இல், பௌதிகத்துக்கு 1992ஆம் வருஷத்து நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷர்பாக்கும் அவர் தோழர்களும் ஆரம்பப் பள்ளிகளுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயரைத் தமிழில் 'மாவில் கை' என்று சொல்லலாம். கையில் மாவு ஒட்டாமல் ரொட்டி செய்யக் கற்க முடியாது என்பது கருத்து. அந்த இயக்கம் 2000ஆம் ஆண்டில் எரட்டாஸ்தனிஸின் கணக்கையே பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தது. வெவ்வேறு அட்சரேகையில் உள்ள இரண்டு பள்ளிகள் ஒரே நாள் உச்சிவேளையில் தத்தம் கோலின் நிழலை அளக்கின்றன, அளவை மாற்றிக்கொள்கின்றன, பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிக்கின்றன. செலவு, ஒரு கோலும் ஒரு தூக்குக்குண்டும். இங்கே கூட்டாளிப் பள்ளி அன்றைக்கு லீவு விட்டுவிட்டால் நம் கணக்கு நின்றுபோகும். பிள்ளை முதல் முறையாக, 'அந்த ஊர்ப் பையன் ஒழுங்காக அளந்திருக்க வேண்டுமே' என்று கவலைப்படுகிறான். கையசைப்பதைவிட அந்தக் கவலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் உண்மைக்கு இன்னொருவனின் நேர்மை வேண்டியிருக்கிறது என்று அவன் அறிகிறான்.

நிழல் ஒரு நாள் காரியம். வருஷக்கணக்காக நின்ற ஒரு கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் என்று ஒரு கடல் இருக்கிறது. நான்கு பக்கமும் நிலம். வெளிக்கடலோடு அதற்குள்ள வாசல் டென்மார்க் பக்கத்துச் சில குறுகிய ஜலசந்திகள் மட்டும். உள்ளே ஆறுகள் வந்து விழுவதால் தண்ணீர் முழு உப்பும் இல்லை, முழு நன்னீரும் இல்லை. அந்தத் தண்ணீர் ஒரு முறை முழுக்க மாறுவதற்குச் சுமார் முப்பது வருஷம் ஆகிறது. ஆகவே கரையில் உள்ளவன் இன்று கொட்டியது அவன் பிள்ளை பெரியவனாகும் வரை அங்கேயே கிடக்கிறது. வயல்களில் இட்ட உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆற்றோடு வந்து சேர, கோடையில் நீலப்பச்சைப் பாசி கடல்மேல் படுதா விரித்ததுபோல் படர்கிறது. பாசி மடிந்து அடியில் அழுகும்போது அங்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோய், கடலடியில் ஜீவனற்ற பகுதிகள் உண்டாகின்றன.

இந்தக் கடலைச் சுற்றி 1989இல் ஏழு தேசங்கள் இருந்தன. டென்மார்க்கும் மேற்கு ஜெர்மனியும் ஒரு ராணுவ முகாம். சோவியத் யூனியனும் போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் எதிர் முகாம். ஸ்வீடனும் பின்லாந்தும் நடுவில். அந்த வருஷத்தில்தான், யுனெஸ்கோவோடு இணைந்த பள்ளிகளின் வழியாக, பின்லாந்தின் முயற்சியில் பால்டிக் கடல் திட்டம் என்ற பள்ளிக் கூட்டு தொடங்கியது. பிறகு சோவியத் யூனியன் உடைந்தது, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின, கரையில் ஒன்பது தேசங்கள் என்று ஆயிற்று. தேசப்படமே மாறியபோதும் பள்ளிக் கூட்டு கலையவில்லை.

அந்தப் பிள்ளைகள் தண்ணீரின் தரத்தைச் சோதித்தார்கள். ஆறுகளைப் பின்தொடர்ந்தார்கள். கரையை நடந்து பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். எந்த மரம் எந்தத் தேதியில் துளிர்க்கிறது என்று எழுதினார்கள். காற்றின் சுத்தத்தை அறிய மரப்பட்டையில் படரும் லைக்கன்களைப் பார்த்தார்கள். செட்டிநாட்டுச் சமையலில் போடுகிறோமே கல்பாசி, அந்த இனம். கந்தகப் புகை மிகுந்த இடத்தில் அதில் பல வகைகள் பிழைப்பதில்லை. பாசி இருக்கிறதா, எந்த வகை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு மரமே காற்றளக்கும் கருவி.

இதற்குள் எத்தனை பாடம் என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்பது ரசாயனம். அது பாசியாவது உயிரியல். பாசி மிதந்து போகும் திசை பௌதிகமும் பூகோளமும். மேலே உள்ள விவசாயி ஏன் அவ்வளவு உரம் இடுகிறான் என்பது பொருளாதாரம். அவனை இடாதே என்று சொல்லக் கடலுக்கு அக்கரையில் உள்ளவனுக்கு என்ன அதிகாரம் என்பது அரசியல். கடல் தன் பாடத்தை பீரியடு பிரித்து நடத்துவதில்லை. போலந்தின் ஆற்றை ஸ்வீடன் பிள்ளை அளக்க முடியாது. ஸ்வீடன் கரையில் ஒதுங்கும் பாசியைப் போலந்துப் பிள்ளை தினம் போய்ப் பார்க்க முடியாது. இருவர் குறிப்பும் சேர்ந்தால்தான் கதை முழுசாகும். இதைத்தான் கூட்டு என்கிறேன்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, பரீட்சை. 'பப்ளிக் பரீட்சையில் இது வராதே' என்பார்கள். வராதுதான். ஆனால் வாழ்த்து மடலும் வராது, கேக் படமும் வராது. அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. கூட்டுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய நேரத்தை உருப்படியாகச் செலவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, கருவி இல்லை, பணம் இல்லை. கடல்நீரின் தெளிவை அளக்க ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் ஒரு வழி செய்தார். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடலாராய்ச்சிக்காரர்கள் இன்றும் அந்தத் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தட்டும் கொஞ்சம் வெள்ளைப் பெயின்டும் கயிறும் வாங்க முடியாத பள்ளிக்கூடம் கொடி தைக்கத் துணி வாங்கியது எப்படி?

மூன்றாவது, பிள்ளைகள் அளப்பதை நம்ப முடியாது என்பது. 2004 ஜூன் 8ஆம் தேதி வெள்ளிக்கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்து போனது. அது உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளும் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களும் குறித்து அனுப்பினார்கள். ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் அந்தச் சுமார் 4,500 குறிப்புகளையும் சேர்த்துப் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தைக் கணக்கிட்டது. வந்த விடைக்கும் விஞ்ஞானிகள் ஏற்றிருக்கும் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் சுமார் 11 ஆயிரம் கிலோமீட்டர்தான்; பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவன் தவறு செய்வான். பல ஊர்களிலிருந்து பலர் ஒழுங்காக அளந்தால் தவறுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பிள்ளைகளின் கையை நம்பாத வாத்தியார், அந்தக் கைக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓர் ஆட்சேபம் என் பக்கத்திலிருந்தும் இருக்கிறது. பணக்கார தேசத்துப் பள்ளியோடு ஏழை தேசத்துப் பள்ளி கூட்டுச் சேரும்போது, அங்குள்ளவன் யோசிப்பவன், இங்குள்ளவன் அளந்து அனுப்புகிறவன் என்று ஆகிவிடுவதுண்டு. அங்கிருந்து பழைய கம்ப்யூட்டர் வரும். இங்கிருந்து நன்றிக் கடிதம் போகும். இது கூட்டு இல்லை, பண்ணையாரும் கணக்குப்பிள்ளையும். கேள்வியைக் கேட்பதில் இருவருக்கும் பங்கு இருக்க வேண்டும். விடையால் இருவர் வீட்டிலும் ஏதாவது ஆக வேண்டும்.

அதனால்தான் கூட்டாளியை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தேடுகிறவர்களிடம் நான் பாக் நீரிணையைக் காட்டுகிறேன். 1974இல் பால்டிக்கின் ஏழு தேசங்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏவுகணையைக் குறிவைத்திருந்த காலத்தில், ஹெல்சிங்கியில் கூடித் தங்கள் ஒரே கடலைக் காப்பதற்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே 1974இல் இந்தியாவும் இலங்கையும், சிநேகித தேசங்கள், பாக் நீரிணையில் எல்லைக்கோடு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அங்கே பகைவர்கள் கடலைச் சேர்த்தார்கள். இங்கே நண்பர்கள் கடலைப் பிரித்தார்கள். கோடு சரியா தவறா என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பது ஒரே கடல் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆழமில்லாத கடல் அது. அடியில் கடற்புல் வளர்கிறது. புல்லை மேய ஆவுளியா என்னும் கடற்பசு வருகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்குக் காப்பகமும் தெரியாது, கோடும் தெரியாது. இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போகும்போது புல்லும் குஞ்சும் சேர்ந்து போகின்றன. இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தக் கரையில் ஒரு பிள்ளையின் தகப்பன் அறுந்த வலையோடு வருகிறான். இந்தக் கரையில் ஒரு பிள்ளையின் தகப்பன் அந்த நாட்டுச் சிறையில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளும் காற்றை வாடை என்றும் கொண்டல் என்றும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஒருவன் எழுதியதை மற்றவன் படிக்க மொழிபெயர்ப்பாளன் வேண்டாம். ஆனால் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் கிடைப்பது, கடலும் மேகமும் மழையும் ஆறும் வட்டமாகப் போட்ட அதே படம்.

ராமேஸ்வரத்தில் ஒரு பள்ளியும் மன்னாரில் ஒரு பள்ளியும் மாதம் ஒரு நாள், ஒரே வேளையில், தட்டை நீரில் இறக்கிப் பார்க்கட்டும். கரையொதுங்கிய கடற்புல்லை எடை போடட்டும். வீட்டுக்கு வந்த மீன் என்ன ஜாதி, எத்தனை விரல்கடை நீளம், சினை இருந்ததா என்று எழுதட்டும். தாத்தாக்களிடம் போய், எந்த மீன் எந்த வருஷத்தோடு காணாமற் போனது என்று கேட்டுக் குறிக்கட்டும். மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். படகு கோட்டைத் தாண்டினால் பிடிப்பார்கள். ஓர் எண் கோட்டைத் தாண்டினால் அதைப் பிடிக்க எந்தக் கப்பற்படையாலும் முடியாது.

இதனால் மீனவர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்ல நான் தயாரில்லை. தட்டும் கயிறும் வயிற்றுப்பாட்டு வழக்கைத் தீர்க்காது. ஆனால் இன்று இரண்டு கரையிலும் பேசுகிறவர்கள் ஆளுக்கொரு கடலைப் பற்றிப் பேசுகிறார்கள். நாளைக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேஜைக்கு வரப்போவது இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். அவர்களாவது, சேர்ந்து அளந்த ஒரே நோட்டை வைத்துக்கொண்டு சண்டை போடட்டும். கடலின் நிலையை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு போடும் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு.

ஆகவே தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் பலகையை மாட்டுவதற்கு முன், கூட்டாளிப் பள்ளி இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கேள்வியின் விடை கிடைக்காமல் போகும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைப் பலகையில் எழுத முடிந்தால் தாராளமாக மாட்டுங்கள், கொடிகூட வேண்டாம். எழுத முடியாவிட்டால் ஆணியை வீணாக்காதீர்கள். பெற்றோர்களும் சம்பளம் கட்டுமுன் இதையே கேட்கலாம். கேட்க உங்களுக்கும் பட்டம் தேவையில்லை.